பியாட்ரிஸுக்கு வராத காய்ச்சல்

ஆண்டர்சன்பேட்டை பஜாரில் துரை நடத்தும் டிபன் கடையில் சட்னி, சாம்பார் எல்லாம் பியாட்ரிஸின் கைப்பக்குவம். பெங்களூர் ரயிலுக்கு ஓடுகிறவர்கள் காலையில் அவள் சட்னிக்காகவே வந்து நிற்பார்கள். நகத்தை ஒட்ட வெட்டியிருப்பாள். தலையில் துணி கட்டாமல் அடுப்படிக்குள் நுழைய மாட்டாள். சட்னியில் ஒரு முடி கிடந்தாலும் மொத்தத்தையும் கொட்டிவிடுவாள்.

அந்த மழைக்காலத்தில் கடைக்கு வருகிறவர்கள் ஒவ்வொருவராக டைபாய்டில் படுத்தார்கள். தண்ணீர்தான் காரணம் என்று பயந்து துரை கேன் தண்ணீருக்கு மாறினார். அப்படியும் வின்னி விழுந்தாள். பியாட்ரிஸ் போகும் அதே சர்ச்சுக்கு வரும் இசபெல்லாவின் மகள், கல்லூரிக்குப் போகும் வழியில் கடையில்தான் சாப்பிடுவாள்.

சுகாதாரத் துறையிலிருந்து வந்து கடையின் சமையலாட்கள் எல்லோருக்கும் மலப் பரிசோதனை செய்தார்கள். முடிவு வந்ததும் டாக்டர் பியாட்ரிஸை மட்டும் கூப்பிட்டார்.

"முன்னே எப்பவாவது உங்களுக்கு டைபாய்டு வந்திருக்காம்மா?"

"கல்யாணத்துக்கு முந்தி வந்துச்சு டாக்டர். அப்புறம் ஒரு தலவலிகூட இல்ல."

"காய்ச்சல் போயிடுச்சு, கிருமி போகல. உங்கள ஒண்ணும் செய்யாது. மலத்துல வந்து, கையில ஒட்டி, சாப்பாட்டுக்குப் போயிடும். இட்லி வேகுது. சட்னி வேகறதில்லையே."

"இன்னா டாக்டர் சொல்றீங்க? கை கழுவாம நான் எதையும் தொட மாட்டேனே!"

"கக்கூஸ் போயிட்டு வந்தா சோப்பு போடுவீங்களா?"

பியாட்ரிஸ் தன் கைகளைப் பார்த்தாள். கடைக்குப் பின்னால் இருந்த கக்கூஸில் குழாய் கிடையாது. ஒரு வாளித் தண்ணீர்தான். சோப்பு முன்பக்கம், சாப்பிட வருகிறவர்களுக்கு. ரயில் நேரக் கூட்டம் குரல் கொடுக்கும்போது வெறும் தண்ணீரில் அலசிக்கொண்டு ஓடி வருவாள். கை கழுவுவது என்றால் அதுதான் என்று அவள் நினைத்திருந்தாள்.

துரை அவளை அனுப்பிவிடவில்லை. "மருந்து முடியட்டும்கா. அதுவரிக்கும் வாசல்ல குந்திக்கினு டோக்கன் குடு," என்றார். அந்த வாரமே கக்கூஸுக்குப் பக்கத்தில் குழாய் போட்டு, சோப்பும் வைத்தார். "இத நான் முன்னயே செஞ்சிருக்கணும்," என்று தலையைக் குனிந்துகொண்டார்.

விஷயம் வெளியே தெரியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் சர்ச்சில் வின்னியின் மெலிந்த முகத்தைப் பார்த்த பிறகு பியாட்ரிஸுக்கு மனம் கேட்கவில்லை. அவர்கள் வீட்டுக்கே போய்ச் சொன்னாள்.

"பொண்ணு சாவக் கெடந்தா, தெரியுமா?" என்றாள் இசபெல்லா. "இப்ப வந்து சொல்றியா? போ இங்கேர்ந்து."

பியாட்ரிஸ் அழுதுகொண்டே பஜாரைக் கடந்தாள். மறுநாள் டோக்கன் கொடுக்க உட்கார்ந்தபோதும் கண் வீங்கியே இருந்தது.

மருந்து முடிந்தது. திரும்பத் திரும்பச் சோதித்தும் கிருமி இல்லை. டாக்டர் சம்மதித்த பிறகு அடுப்படிக்குத் திரும்பினாள். முதல் நாள் தேங்காயைத் தொடவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது. சோப்பு நுரை முழங்கை வரை வழிய மறுபடியும் போய்க் கழுவிக்கொண்டு வந்தாள்.

சில நாள் கழித்து வின்னி வந்தாள். "ஆன்ட்டி, ரெண்டு இட்லி. பொடி மட்டும் போதும். சட்னி வேணாம்."

"சரிம்மா," என்றாள் பியாட்ரிஸ். அவளுக்குக் கோபம் வரவில்லை. பொடியில் எண்ணெயைக் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றிக் கொடுத்தாள்.

வின்னி தட்டை வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றாள். "அம்மாகிட்ட நான் பேசறேன் ஆன்ட்டி. கொஞ்ச நாள் போவட்டும்."