தவமணியின் வலது கால்

என் தங்கையின் நல்ல காலைக் கெடுத்தவன் நான். விதியல்ல, வைத்தியரல்ல... நான்தான்!

தவமணிக்கு மூன்று வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப்போனது. வலது கால் தப்பியது. அந்த ஒற்றைக் காலை நம்பியே அறுபத்தைந்து வயதுவரை நின்றாள். என் மனைவி இறந்த பிறகு இந்தச் சண்டிலிப்பாய் வீட்டில் எனக்கும் சேர்த்து உலை வைத்தவள் அவள்தான்.

சென்ற ஆண்டு, தப்பிய காலே தளரத் தொடங்கியது.

"அண்ணை, குசினிப் படி ஏறேலாமக் கிடக்கு."

சமையலறைக்கு இரண்டே படிதான். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் சென்றேன். எந்தக் கிளினிக்குக்கு எத்தனை மணிக்கு இலக்கம் எடுப்பது, எந்த நகலில் யாருடைய முத்திரை வேண்டும் என்பதெல்லாம் முப்பத்துநான்கு வருடம் அரச அலுவலகத்தில் நிர்வாகம் பார்த்த எனக்கு மனப்பாடம். தமிழில் பேசத் தொடங்கிய இளம் வைத்தியரை நான்தான் ஆங்கிலத்துக்கு இழுத்தேன். என் ஆங்கிலத்தை அவர் மெச்சினார். தங்கை நடுவில் உட்கார்ந்து இரண்டு பேர் வாயையும் மாறிமாறிப் பார்த்தாள்.

இரத்தப் பரிசோதனை முடிந்ததும் ஒரு பக்கக் கடிதம் வந்தது. ஆங்கிலக் கடிதம். அவளுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது.

"என்னவாம் அண்ணை?"

"வளர்ச்சி ஓமோன் குறைஞ்சு போச்சாம், பிள்ளை."

"இந்த வயதிலை நான் இனி எங்கை வளரப் போறன்!"

"உனக்கு எல்லாம் பகிடி. அது தசைக்கும் வேணும். நடந்தால் கூடும்."

'நடந்தால் கூடும்' என்பது கடிதத்தில் இல்லை. உடற்பயிற்சியால் அந்த ஓமோன் சுரக்கும் என்று நான் எங்கோ வாசித்திருந்தேன். கடிதம் சொன்னது வேறு. வயதோடு ஓமோன் குறைவது வழக்கம். தளர்ச்சிக்கு அதுதான் காரணமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஊசி போட்டாலும் பலன் நிச்சயமில்லை. ஆனால் போலியோவில் தப்பிய நரம்புகள் இத்தனை ஆண்டுகளாக இரட்டை வேலை செய்து களைத்துவிட்டன. ஆகவே களைக்கும்வரை எதுவும் செய்யக் கூடாது. நின்று சமைக்கக் கூடாது. தூரப் பயணத்துக்குச் சக்கர நாற்காலி வேண்டும்.

இந்தக் கடைசி வரிகளை நான் அவளுக்கு வாசிக்கவில்லை.

ஏன்? சக்கர நாற்காலி என்ற சொல்லைக் கேட்டால் உடைந்துவிடுவாள் என்று பயந்தேன்... இப்படி எழுதினால் அலுவலகக் கோப்பில் அழகாக இருக்கும். உண்மை அதுவல்ல. அவள் நிற்காவிட்டால் எனக்கு யார் சமைப்பது? என் மனதில் முதலில் எழுந்த கேள்வி அதுதான்!

தினமும் காலையில் கோயில் வெளிவீதியை மூன்று சுற்று நடத்தினேன். பிறகு ஐந்தாக்கினேன்.

"களைச்சுப் போனன் அண்ணை."

"களைச்சால்தான் சுரக்கும். நட!"

பூ விற்கும் பெண் சொன்னாள்: "உவரைப் போல ஒரு தமையன் ஆருக்குக் கிடைக்கும்?" நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன். நீங்கள் பார்த்திருந்தால் நீங்களும் மெச்சியிருப்பீர்கள்.

நான்காம் மாதம், கோயில் வடக்கு வீதி மணலில், வலது கால் மடிந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால் அதன் பிறகு எதையாவது பிடிக்காமல் அவளால் எழும்ப முடியவில்லை. நடக்காவிட்டாலும் தளர்ந்திருக்கலாம் என்றார் வைத்தியர். நோயால் எவ்வளவு, என்னால் எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் பரிசோதனை இல்லையாம். எல்லா நடைமுறையும் தெரிந்த எனக்கு இதற்கு மட்டும் ஒரு படிவம் கிடைக்கவில்லை.

போன கிழமை சக்கர நாற்காலிக்கு விண்ணப்பம் எழுதினேன். வைத்தியரின் புதிய கடிதத்தை இணைக்க வேண்டும்.

"ஒருக்கா வாசியுங்கோ அண்ணை."

'ஓய்வு எடுக்கும்படி முன்பே எழுத்தில் அறிவுறுத்தியும்...' என்று தொடங்கியது மூன்றாவது வரி. என் குரல் தடுமாறவே இல்லை. இரண்டாவது வரியிலிருந்து நேரே நான்காவதற்குப் போய்விட்டேன். விண்ணப்பத்தில் நான் விரல் வைத்த இடத்தில் அவள் கையெழுத்திட்டாள்.

இப்போது நான்தான் சமைக்கிறேன். ஆனால் அதுவல்ல தண்டனை...

விடிந்ததும் அவள் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழும்புகிறாள். உட்கார்கிறாள். மறுபடி எழும்புகிறாள். கால் நடுங்குகிறது. வாய் விட்டு எண்ணுகிறாள்.

"போதும் பிள்ளை, இரு. உடம்புக்கு ஆகாது."

"நடந்தால் கூடுமெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்? இப்ப என்னிலை இரக்கம் வந்திட்டுது உங்களுக்கு. அதுதான் மறிக்கிறியள்."

முதல் கடிதத்திலிருந்து ஒரு வாக்கியம் போதும், அவள் நிறுத்திவிடுவாள். அந்த வாக்கியத்தை உங்களிடம் சொல்லிவிட்டேன். அவளிடம்...?

அடுப்படியில் நிற்கிறேன். அந்த அறையிலிருந்து கேட்கிறது: "எட்டு... ஒன்பது... பாருங்கோ அண்ணை, இண்டைக்குப் பத்து!"