கை மாறிக்கொண்டே இருந்த போன்

மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு ஜூலை மாத மழையில், மும்பை ஹார்பர் லைன் ரயிலுக்குள் நடந்தது இது. இப்போதும் வானம் கறுத்தால் எனக்கு முதலில் அந்த நாள்தான் ஞாபகம் வரும்.

எங்கள் வீடு மான்குர்த்தில். எனக்கு வி.டி. ஸ்டேஷன் பக்கம் ஒரு கூரியர் ஆபீசில் வேலை. என் கணவர் தாராவியில் ஒரு லெதர் பட்டறையில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். கெட்டிக்காரர். அந்த மனுஷனுக்குத் திடீரென்று ஒரு பயம் பிடித்துக்கொண்டது. என்னை யாரோ வழியில் தூக்கிக்கொண்டு போகப்போகிறார்கள் என்று ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருப்பார். பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம். மனநோய் என்றார்கள். மாத்திரை ஆரம்பித்த பிறகு தூக்கம் வந்தது, சாப்பாடு இறங்கியது. பயம் மட்டும் முழுசாகப் போகவில்லை. நான் வீட்டை விட்டு இறங்கினால் போதும், ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் போன் வரும். "எங்க இருக்க? பக்கத்துல யாரு இருக்கா?"

லேடீஸ் டப்பாவில், அதாவது பெண்கள் பெட்டியில், தினமும் ஒன்றாகப் போய்வரும் எங்கள் கூட்டத்துக்கு இது பெரிய வேடிக்கை. அதில் ஆண்டாப் ஹில்லில் இருந்து வரும் ஒரு அக்கா, எங்கள் திருநெல்வேலிப் பக்கம்தான், வாய் கொஞ்சம் நீளம். "என்னட்டி, கல்யாணமாகி இத்தன வருசம் ஆச்சு, இன்னும் இப்படிக் கொஞ்சுதாரே! எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு, நான் செத்தேனா பொழச்சேனான்னுகூடக் கேக்காது" என்பார். நானும் சிரித்து மழுப்புவேன். உண்மையைச் சொன்னால் பைத்தியக்காரன் பொண்டாட்டி என்று தள்ளி உட்கார்ந்துவிடுவார்களோ என்று உள்ளுக்குள் உதறல்.

ஒருநாள் காலையில் போனில் என் கணவர் ஓவென்று அழுகிறார். நான் சமாதானம் சொல்லச் சொல்ல அழுகை கூடுகிறது. நானும் உடைந்துபோய், எல்லோர் முன்னாலும் உள்ளதைக் கொட்டிவிட்டேன். வேலையை விட்டுவிடப் போகிறேன் என்றும் சொன்னேன். வேலையை விட்டால் வீட்டில் அடுப்பு எரியாது, விடாவிட்டால் இவர் தவித்தே செத்துவிடுவார். நான் என்னதான் செய்ய?

அக்கா என் போனை வெடுக்கென்று பிடுங்கினார். "தம்பி, நான் ஆண்டாப் ஹில் அக்கா பேசுதேன். ஒங்க வீட்டம்மா என்னை இடிச்சுக்கிட்டுதான் உக்காந்திருக்கா. அவளைத் தூக்கணும்னா மொதல்ல என்னைத் தூக்கணும். அதுக்குக் கிரேன்தான் வரணும்!"

அந்தப் பக்கம் அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை மாதம் ஆகியிருந்தது, கடவுளே!

அன்றிலிருந்து யார் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்களே என் போனை எடுத்துப் பேசிவிடுவார்கள். கோவண்டியில் ஏறும் ஒரு மராத்திக்காரப் பெண், செம்பூர் வந்தாச்சு, குர்லா வந்தாச்சு என்று ரயில் அறிவிப்பு மாதிரியே இந்தியில் சொல்வார். எல்லோரும் என் கணவர் நம்பரைத் தங்கள் போனிலும் போட்டு வைத்துக்கொண்டார்கள்.

நான் சொல்ல வந்த அந்த மழை நாளில், சாயங்காலம் வீடு திரும்பும்போது, வடாலா தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. தண்டவாளமெல்லாம் தண்ணீர். சார்ஜ் தீர்ந்து என் போனும் அணைந்திருந்தது. நான் போனை எடுக்கவில்லை என்றால் மனுஷன் என்னைத் தேடித் தெருவில் இறங்கிவிடுவார். எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும், சாக்கடை மூடி எங்கே திறந்து கிடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அக்கா தன் போனில் அவர் நம்பரை அடித்தார். பிஸி. மறுபடியும் பிஸி.

அப்போது கதவுப் பக்கமிருந்து அந்தக் கோவண்டிப் பெண் கையை ஆட்டினார். அவர் போனில்தான் என் கணவர் பேசிக்கொண்டிருந்தார்!

பிறகு வண்டி நகரும்வரை அந்த போன் கை மாறிக்கொண்டே இருந்தது. ஒருத்தி ரசத்துக்குப் புளி எவ்வளவு போடுவீர்கள் என்று கேட்டாள். இன்னொருத்தி, தண்ணீர் எந்தப் படிவரை வந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள், ஆனால் இறங்கக் கூடாது என்றாள். பெயர்கூடத் தெரியாத பெண்கள், வீட்டில் பிள்ளைகளைத் தனியே விட்டு வந்தவர்கள், ஒரு போனில் சார்ஜ் தீர்ந்தால் அடுத்ததை நீட்டினார்கள். நடுவில் நான் வாங்கிப் பேசினேன். "நீ அந்தம்மாட்ட குடு, பேச்சு பாதியில நிக்கி" என்றார் என் வீட்டுக்காரர்!

ஒருவழியாக வண்டி ஊர்ந்து, நான் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அவர் வாசல்படியிலேயே நின்றிருந்தார். கால் நனையவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. "வந்துட்டேன், பாத்தீங்களா?" என்றேன். அவர் அதைக் காதிலேயே வாங்கவில்லை.

"அந்த ஆண்டாப் ஹில் அக்கா வீடு போய்ச் சேந்தாகளா? அவுக பக்கமும் தண்ணி நிக்குமே" என்றார்.

சொல்லிவிட்டு அவரே போன் அடித்தார். அக்கா பஸ் கிடைக்காமல் ஸ்டேஷன் வாசலில் மாட்டிக்கொண்டு, அப்போதுதான் தண்ணீரில் நடக்க ஆரம்பித்திருந்தாராம். பார்த்து நடங்க, சுவரைப் பிடிச்சுக்கிடுங்க என்று இவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அக்கா வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்கும்வரை போனை வைக்கவில்லை. நான் ஈரப் புடவையோடு அப்படியே உட்கார்ந்து அழுதேன்.

மாத்திரை இன்றும் தொடர்கிறது, போனும் வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் நோயில் கிடப்பவரைப் பற்றிக் கவலைப்பட நாலு பேர் இருந்தால் மட்டும் போதாது, அவர் கவலைப்படவும் நாலு பேர் வேண்டும் என்று எனக்குக் காட்டிக்கொடுத்தது அந்த லேடீஸ் டப்பாதான்.