மேடைக்கு எடுத்த அளவு

வீட்டுக்குப் பின்னால் ஒரு சமையலறையைத் தானே கட்டிவிடுவது என்று அப்பா முடிவு செய்தபோது எனக்கு எட்டு வயது. வீடு விழுப்புரத்துக்கு வெளியே, கோலியனூர் போகிற சாலையில் இருந்தது. அப்பா மல்லாட்டை மண்டியில், அதாவது வேர்க்கடலை மண்டியில், எடை போடுகிறவர். மூட்டையை நிறுக்கத் தெரிந்தவனுக்குச் சுவரை அளக்கத் தெரியாதா என்பது அவர் கட்சி. கொத்தனார் வேண்டாம், மேஸ்திரி வேண்டாம், கலவை போட்டுக் கொடுக்க ஒரு ஆள் போதும் என்றார். அவர் ஒன்று சொல்லிவிட்டால் எதிர்த்துப் பேசி யாரும் ஜெயித்ததில்லை, அம்மாவைத் தவிர.

கட்டுவதற்குக் காரணம் அம்மாவின் நெஞ்சு. அதுவரை அவள் கீற்றுச் சாய்ப்பில், விறகடுப்பின் முன் குந்தித்தான் சமைத்தாள். நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் மூச்சு வாங்கியது. பாண்டிச்சேரியில் பெரிய டாக்டர் பார்த்துவிட்டு இதயத்தில் கோளாறு, புகையும் ஆகாது, குந்தி எழுவதும் ஆகாது என்று சொல்லியிருந்தார். ஆகவே நின்றபடி சமைக்க ஒரு மேடை, அதன்மேல் மண்ணெண்ணெய் ஸ்டவ், இரண்டு ஜன்னல். எங்கள் தெருவில் அப்போது யார் வீட்டிலும் நின்று சமைப்பதில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் சொல்லிச் சொல்லி எல்லோருடைய காதையும் புண்ணாக்கினேன்.

அப்பா காகிதத்தில் எதுவும் வரையவில்லை. கொல்லையில் சுண்ணாம்புத் தூளால் தரையிலேயே கோடு போட்டார். அம்மா சாக்கின்மேல் உட்கார்ந்துகொண்டு ஜன்னலை அந்தாண்டை தள்ளச் சொல்வாள், மறுநாள் இந்தாண்டை இழுக்கச் சொல்வாள். அப்பா முணுமுணுத்தபடி காலால் அழித்துவிட்டு மறுபடி போடுவார். மழை வந்து இரண்டு தடவை முழுச் சமையலறையும் கரைந்து போனது. மண்டியில் கழித்துப்போட்ட தராசுப் பலகைகளை அலமாரிக்கென்று தூக்கி வந்து, வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து இழைப்பார். வீட்டில் நோய் வந்த பிறகு சிரிப்புச் சத்தம் கேட்டது அந்தக் கொஞ்ச நாட்களில்தான்.

மேடையின் உயரத்துக்கு ஒரு கணக்கு உண்டு. சமைக்கிறவர் நின்று கையை மடக்கினால், முழங்கைக்கு நாலு விரற்கடை கீழே கல் வர வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா கரித்துண்டை எடுத்துக்கொண்டு, மேடை வரப்போகிற வீட்டின் பின்சுவரோரம் அம்மாவை வந்து நிற்கச் சொன்னார். அம்மா எழுந்திருக்கவில்லை.

"பிரம்மதேசத்துக்கு ஆள் அனுப்பி தங்கச்சிய வரச் சொல்லுங்க. அவள நிக்க வெச்சி அளவு எடுத்துக்கலாம்."

"மேடை உனக்குத்தான? அவ எதுக்கு?"

"வரச் சொல்லுங்க."

அப்பா கரித்துண்டைக் கீழே போட்டுவிட்டுச் செங்கல் அடுக்குக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார். வெகுநேரம் திரும்பி வரவில்லை.

இரண்டு நாள் கழித்து, திண்டிவனத்தில் பஸ் மாறி சித்தி வந்து சேர்ந்தாள். அம்மாவின் கடைசித் தங்கை, கல்யாணம் ஆகாதவள். அம்மா குள்ளம், சித்தி அவளைவிட ஒரு தலை உயரம். வந்தவளைத் தண்ணீர்கூட முழுசாகக் குடிக்க விடாமல் அம்மா கொல்லைச் சுவரோரம் நிறுத்தினாள்.

"எனக்கு எதுக்குக்கா? நீ நில்லு."

"நின்னா எனக்கு மூச்சு வாங்குது. கைய மடக்குடி."

சித்தி கையை மடக்கினாள். அம்மா விரல் வைத்துப் பார்த்து வெள்ளைச் சுவரில் கரியால் கோடு இழுத்தாள். சித்திக்குக் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அம்மா முழங்கையை அழுத்திப் பிடித்ததில் வலித்துவிட்டது போலும் என்று நினைத்தேன்.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. அது அம்மாவின் மேடை. "இவ்ளோ உசரம் உனுக்கு எட்டாதேம்மா" என்றேன். "மணை போட்டுக்கினு நின்னுக்கறேன் போ" என்றாள். மூச்சு வாங்குகிறவள் தினமும் மணையில் ஏறி இறங்குவாளா? இவ்வளவு எளிய விஷயம் பெரியவர்கள் யாருக்கும் புரியவில்லையே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த வாரமே அம்மாவைப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். துணைக்குச் சித்தி போனாள். அப்பா மண்டிக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் நான் ஈரத்துணியால் அந்தக் கோட்டைத் துடைத்து, தடம் தெரியாமல் சுண்ணாம்பும் பூசினேன். அம்மா பக்கத்தில் நின்றால் அவள் முழங்கை என் தோள்பட்டையில் இடிக்கும். சுவரோரம் நின்று அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, நாலு விரல் கீழே இறங்கினேன். என் விரல்கள் சின்னவை என்பதால் ஐந்தாக வைத்தேன். கோடு ஏறக்குறைய ஒரு சாண் இறங்கிவிட்டது.

மேடை கட்ட வந்த அன்று அப்பா கோட்டின் முன்னால் அப்படியே நின்றுவிட்டார். கையை வைத்துப் பார்த்தார். பிறகு என்னிடம், "ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்ன அம்மா இங்க வந்து கோடு மாத்திப் போட்டுச்சா?" என்று கேட்டார்.

அடிக்குப் பயந்து ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அப்பாவின் முகம் அப்படி மாறி நான் பார்த்ததே இல்லை. நாலு நாள் வேலையை இரண்டே நாளில் முடித்தார். கடப்பைக் கல்லைப் பதித்துவிட்டு உள்ளங்கையால் தடவித் தடவிப் பார்த்தார். அம்மா பிழைத்து வந்து சமைக்கத் தீர்மானித்துவிட்டாள் என்று அவர் நம்பினார்.

அம்மா இளைத்துப்போய்த் திரும்பி வந்தாள். சித்தி பையும் கையுமாகப் பின்னால் வந்தாள். அம்மா மேடை அருகே போய்க் கையை மடக்கிப் பார்த்தாள்.

"இது யாரு அளவுங்க?"

அவள் வேடிக்கை பேசுகிறாள் என்று நினைத்து அப்பா சிரித்தார். "உன் அளவுதான். வேற யாரு அளவுக்கு நான் கட்டுவேன்?"

அம்மா கல்லின்மேல் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். என் எதிரில் அம்மாவைத் தொட்டுக்கூடப் பேசாத அப்பா அவள் முதுகில் கை வைத்தார். சித்தி பையைக் கீழே வைத்துவிட்டுக் கிணற்றடிப் பக்கம் போனாள். நான் மணல் குவியலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். கடைசிவரை அடி விழவில்லை.

அந்த மேடையில் அம்மா ஐந்து மாதம் சமைத்தாள். பிறகு போய்விட்டாள். அவள் சொல்லிவிட்டுப் போனபடியே அடுத்த வருடம் சித்தியை அப்பாவுக்குக் கட்டி வைத்தார்கள். அக்கா போன வீட்டுக்குத் தங்கை வருவது எங்கள் பக்கத்தில் புதிதில்லை.

சித்தி அன்றிலிருந்து குனிந்தே சமைத்தாள். வருடங்கள் போகப் போக இடுப்பு பிடித்துக்கொண்டது. சுவரில் கை ஊன்றித்தான் நிமிர்வாள். மேடையை இடித்து உயர்த்திவிடலாம் என்று ஒருமுறை சொன்னேன்.

"வாணாம். மாமாவுக்கு அக்கா அளவுதான் அளவு. நான் வந்து நிக்கறது அவருக்கு அன்னிக்கே புடிக்கல. இருந்துட்டுப் போவட்டும்" என்று சொல்லிவிட்டுக் குழம்பைக் கிளறினாள்.

உண்மை என் வாய்வரை வந்தது. அப்பா கூடத்தில்தான் படுத்திருந்தார். கோட்டை இறக்கியது அம்மா இல்லை என்பதை அந்த வயதில் அவர் காதில் போட எனக்கு மனம் வரவில்லை.

கோட்டைத் துடைத்த அந்த மத்தியானம் அம்மாவுக்கு எட்ட வேண்டும் என்ற ஒன்றுதான் எனக்குத் தெரிந்திருந்தது. சித்தியும் அந்த இடத்தில் நிற்கவேண்டி வரும் என்பது எனக்குத் தெரியவில்லை.