பயறில் இருந்த லெட்ரின்

என் மகள் ஒரு மாதமாக வீட்டில் பருப்புக்குத் தடை போட்டிருக்கிறாள். பருப்பு, தக்காளி, கத்தரிக்காய், மொச்சை எல்லாவற்றிலும் லெக்டின் என்று ஒரு சத்து இருக்கிறதாம், குடலைக் கெடுத்துவிடுமாம். செல்போனில் ஒருவர் சொன்னார் என்கிறாள். அதே போனில் இன்னொருவர், நன்றாக வேகவைத்தால் ஒன்றும் செய்யாது என்கிறார். அவர்கள் சண்டை எனக்கெதற்கு? அந்தச் சொல்லோடு எனக்கே பழைய பகை உண்டு.

1991இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தேன். கையெழுத்து நன்றாக இருந்த குற்றத்துக்காக என்னைக் கேண்டீன் கமிட்டிக்குச் செயலாளர் ஆக்கியிருந்தார்கள். சமைத்தவர் மணிமங்கலத்து அக்கா ஒருவர். கணவர் இல்லை. இரண்டு பெண்களை அந்த வேலையில்தான் படிக்கவைத்துக்கொண்டிருந்தார்.

வடக்கத்தி மேனேஜர் ஊரிலிருந்து ஒரு மூட்டை ராஜ்மா வரவழைத்துக் கொடுத்தார். நாங்கள் யாரும் அதைப் பார்த்ததில்லை. கொஞ்சம் கொழுத்த காராமணி என்று அக்கா நினைத்துவிட்டார். காராமணியை அவர் ஊறவைப்பதில்லை. சுண்டலென்றால் குழையவும் கூடாது. நறுக்கென்று இருக்கும்போதே இறக்கி, தாளித்து, தேங்காய் தூவினார். நான் இரண்டு முறை வாங்கித் தின்றேன்.

மூன்று மணிக்கு உற்பத்தி லைன் நின்றுவிட்டது. கக்கூஸ் வாசலில் முப்பது பேர், கக்கூஸ் நான்கு. மேனேஜருக்குத் தனியாக ஒன்று இருந்ததால் மானம் தப்பியது, கோபம் அடங்கவில்லை. சமையலறை சுத்தமில்லை, அந்த அம்மாவை நிறுத்துங்கள் என்று கத்தினார்.

பயறு வேகவில்லை, அதிலிருக்கும் லெக்டின்தான் காரணம் என்று சொல்லிவிட்டுக் கம்பெனி டாக்டர் போனார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். அந்த நிலையில் காதில் வேறென்ன விழும்? எங்கள் பக்கம் கக்கூஸை மரியாதையாகச் சொன்னால் லெட்ரின். அழகான கையெழுத்தில் எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டினேன்: 'பயறில் லெட்ரின் இருந்ததே காரணம்.'

மறுநாள் கேண்டீனில் ஈ, காக்கைகூட இல்லை. அக்காவை நிறுத்தும் கடிதம் டைப் ஆகிக்கொண்டிருந்தது. அவர் போர்டை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு என்னிடம் வந்தார்.

"என் கையால துன்னுட்டு இன்னா தம்பி இப்டி எழுதிகீற?"

எனக்கு வெட்கமாகப் போயிற்று. டாக்டரிடம் ஓடினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தார். பிறகு மேனேஜரிடம் வந்து, இரவெல்லாம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, கொதிக்கக் கொதிக்கக் குழைய வேகவைத்தால் போதும் என்றார். மேனேஜர் அரைமனதாக ஒப்புக்கொண்டார். நாளை அதையே சமைக்கட்டும், தின்றவர்கள் யாரும் மூன்று மணிவரை கக்கூஸுக்கு ஓடாவிட்டால் கடிதத்தைக் கிழிக்கிறேன் என்றார்.

அடுத்த நாள் அக்கா முதல் தட்டைத் தானே தின்றார். இரண்டாவதை என் முன்னால் வைத்தார். "போர்டுல எய்தினவன் நீதான? துன்னு."

தின்றேன். வேறு யாரும் தட்டைத் தொடவில்லை. காரம் தாங்காமல் நான்கு தம்ளர் தண்ணீர் குடித்தேன். அதுதான் தப்பு. இரண்டரைக்கெல்லாம் எனக்கு ஒன்றுக்கு முட்டிக்கொண்டு வந்தது. லைன் முழுக்க என் வயிற்றையே பார்த்தது. எழுந்தால் அக்காவின் வேலை போய்விடும். எந்தக் காரணத்துக்காகப் போகிறேன் என்று யார் விசாரிக்கப்போகிறார்கள்? பல்லைக் கடித்துக்கொண்டு, காலைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த அரைமணி நேரம் அக்காவும் என் எதிரிலேயே நின்றார்.

மூன்று அடித்தது. மேனேஜர் கடிதத்தைக் கிழித்தார். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் தட்டை எடுத்தார்.

"போ தம்பி," என்றார். "இப்ப போ லெட்ரினுக்கு."