வரப்பில் எடுத்த மண்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லக் கூச்சமாக இருப்பதால்தான் எழுதுகிறேன்.

பள்ளங்கி ஊருக்குக் கீழே எங்கள் மலைச்சரிவில் பழைய பூச்சிமருந்துக் கிடங்கு ஒன்று இருந்தது. மருந்து கசிந்து மண் கெட்டதால் கிடங்கை இடித்து, மண்ணை அள்ளி லாரியில் கொண்டுபோனார்கள். நானும் கூலிக்கு அள்ளினேன். விஷம் இன்னும் எதுவரை பரவியிருக்கிறது என்று பார்க்க ஓர் அதிகாரி வந்து சுற்றிலும் குச்சிகள் நட்டார். குச்சி நிற்கும் இடத்தில் இரண்டடி தோண்டி, சோதனைக்கு அனுப்ப மண்ணைப் பையில் போடச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

மூன்று குச்சிகள் பக்கத்துத் தோட்டத்து அக்காவின் பூண்டுப் பாத்திக்குள் நின்றன. பூண்டு அப்போதுதான் முளைவிட்டிருந்தது. அந்தப் பருவத்தில் எங்கள் பக்கம் யாரும் பாத்திக்குள் கால் வைக்க மாட்டார்கள்.

"ஏலே, முளைச்ச பாத்தியில மம்பட்டி போடுவியா? ஒன் கல்யாணப் பந்தியில யாராச்சும் எலைய மிதிச்சாங்களா?" என்று அக்கா கத்தினார்.

"இல்லக்கா, வரப்புல எடுத்துக்கிறேன்."

"எடுத்துக்க. மண்ணு மண்ணுதான?"

அந்த வரப்பு, அதற்கு முந்தின மாதம் மேட்டிலிருந்து புதுமண் கொண்டுவந்து நானே போட்டது. தோண்டும்போதே அது ஞாபகம் வந்தது. இருந்தும் மூன்று பைகளையும் நிரப்பிக் கட்டினேன்.

அக்காவின் நிலம் சுத்தம் என்று முடிவு வந்தது. அங்கே யாரும் மண் அள்ளவில்லை. அடுத்த மழைக்குப் பிறகு அவர் கிணற்றுத் தண்ணீரில் மருந்து வாடை அடித்தது. விசாரிக்க வேறோர் அதிகாரி வந்தார்.

"மண்ணு சுத்தம்னு இருக்கு, தண்ணி கெட்டுக் கெடக்கு. குச்சி இருந்த எடத்துலதான எடுத்தீங்க?"

கூலியாட்கள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். "ஆமாங்க" என்றேன். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். சோதனை செய்தவர்கள்மேல் பழி போனது. விஷம் மேட்டுப் பக்கமிருந்து வருகிறதோ என்று அங்கேயும் தேடினார்கள்.

அக்கா இப்போது ரோட்டுக் குழாயிலிருந்து குடம் சுமக்கிறார். பூண்டு போடவில்லை. நேற்று வழியில் நிறுத்திச் சொன்னார்:

"நான் சொன்னா, சர்க்கார் செலவுல நெலத்தைச் சுத்தம் பண்ணிக்கப் பொய் சொல்றாள்னுவாங்க. நீயே சொல்லு. பாத்தி சும்மாத்தான் கெடக்கு, வந்து தோண்டட்டும்."

சுத்தம் என்று சொன்ன அந்த மூன்று பைகளிலும் இருந்தது வரப்பு மண். இந்தத் தாளை நாளை அதிகாரியிடம் கொடுப்பேன்.

ஐப்பசி பத்தொன்பது.