முழங்காலை மடக்க ஓர் இடம்

மாதம் தவறாமல் என்னைப் புரட்டிப் போட்ட அந்த நோவுக்கு எங்கள் எருமப்பட்டிப் பக்கத்தில் ஒரே மருந்துதான் சொன்னார்கள்: "ஒரு புள்ளையப் பெத்தாச் செரியாப் போயிரும்." பிள்ளை தங்காததற்கே அந்த நோவுதான் காரணமோ என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை. கல்யாணமாகி ஆறு வருஷம் இதையே கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போனது.

மாதவிலக்காகித் தூரமாவதற்கு இரண்டு நாள் முன்பே வலி தொடங்கிவிடும். அடிவயிற்றையும் இடுப்பையும் சேர்த்து ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி முறுக்கும். சோற்றுப் பானையை இறக்கக் குனிந்தால் கண் இருட்டும். "ஊருல இல்லாத நோவு!" என்பார் மாமியார். தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தானே தெரியும்!

பனமரத்துப்பட்டியில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது அண்ணன் என்னைச் சேலத்துக்குப் பஸ்ஸில் கூட்டிப்போய் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினார். வெள்ளைக்காரி. கத்தி வைக்க வேண்டாம், உடற்பயிற்சி செய் என்றார். எனக்குப் புரியவில்லை. உடனே அந்த அம்மாள் கவுனோடு தரையில் மல்லாந்து படுத்தே காட்டிவிட்டார். ஒவ்வொரு முழங்காலாக நெஞ்சோடு இழுத்துப் பிடிக்க வேண்டும். வயிறு உப்ப மூச்சை வாங்கி மெல்ல விட வேண்டும். பிறகு கையும் முழங்காலும் ஊன்றி, பூனை சோம்பல் முறிப்பதுபோல முதுகைத் தூக்கி இறக்க வேண்டும். "தினமும் கால் மணி நேரம். நோய் போகாது. வலி குறையும்" என்றார். போய்விடும் என்று புளுகாமல் சொன்னதாலேயே அவரை நம்பினேன்.

ஊருக்குத் திரும்பி மறுநாள் காலையில் பாயை விரித்தேன்.

"ஏம்புள்ள, பொழுது கெளம்பியும் மல்லாந்து கெடக்கறே? ஊட்டுல மூதேவி அடையறதுக்கா?" என்று மாமியார் வந்து நின்றார்.

"டாக்டரம்மா சொன்னாங்கத்தை. ஒடம்ப மடக்கி நீட்டோணுமாம்."

"அதுக்குத்தான் ஒரலும் ஒலக்கையும் கெடக்குதே! ஒரு வள்ளம் கம்பு குத்து, எல்லா நோவும் ஓடிரும்."

குத்தினேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் கம்பு மாவாகாமல் இருந்ததே அதிசயம். வேலை செய்யாமல் உட்கார்ந்து தின்று வந்த நோவா இது? என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அம்மா சொல்றதைக் கேளு" என்றார். அவர் வேறு என்றைக்கு என்ன சொன்னார்!

எங்கள் வீட்டில் தூரமான பெண் மூன்று நாள் மாட்டுக் கொட்டகையை ஒட்டிய சாளைக் குடிசையில்தான் இருக்க வேண்டும். பகலில் களையெடுக்கப் போகலாம், வீட்டுப் படி ஏறக் கூடாது. சோற்றைத் தள்ளி வைத்துவிட்டுப் போவார்கள். தீட்டுக்குப் பயந்து ஒரு குஞ்சும் உள்ளே எட்டிப் பார்க்காது. அப்போதுதான் எனக்கு அந்தப் பொல்லாத யோசனை வந்தது. நாலாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளாமல், "இன்னும் நிக்கலீங்கத்தை" என்றேன். மாதாமாதம் மூன்று நாள் பத்து நாளானது. விடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு முழங்காலை மடக்கினேன், முதுகைத் தூக்கினேன். நாலாம் மாதம் வலி பாதியாகக் குறைந்தது. சத்தியமாகக் குறைந்தது.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு ஏழு நாள். ஆனால் மாமியாரும் நாளை எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஒரு நாள் சாளையிலிருந்து பார்க்கிறேன், வாசல் கட்டிலில் பெண்ணைப் பெற்றவர் ஒருவர் வெற்றிலைத் தட்டோடு உட்கார்ந்திருக்கிறார். "மூத்தவ மாசத்துல பத்து நாளு தூரமாவே கெடக்கறாளுங்க. அவளை வெச்சுக் குடித்தனம் ஆவாதுங்க" என்கிறார் மாமியார். என் புருஷனுக்கு இரண்டாந்தாரம்! அவர் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. பத்தடி தள்ளி நின்று கத்தினேன். "மூணே நாளுங்க! மிச்சம் ஏழு நாளும் நாஞ்சொன்ன பொய்யுங்க!"

அந்த மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மூத்தவ இத்தன தெடமா இருக்கறப்போ, எம்பட பொண்ணு வந்து ரெண்டாவதா நின்னு என்ன பண்ணுமுங்க?" என்று துண்டை உதறிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

என் இடம் தப்பியது. ஆனால் மாமியார் கேட்டாரே ஒரு கேள்வி: "அப்ப நோவும் பொய்தானா?"

"நோவு நெசமுங்கத்தை!"

"பொய்யின்னு உம்பட வாயாலதான சொன்னே?"

அடுத்த மாதம் சாளை வாசலுக்கு வலிக்கான சுக்குத்தண்ணீர் வரவில்லை. அதுவரை என்ன திட்டினாலும் அதை மட்டும் அவர் வைக்காமல் இருந்ததில்லை. நாலாம் நாள் விடியும்போதே தண்ணீர்க் குடத்தோடு வந்து நின்றார். "எந்திரி, மூணு நாளு முடிஞ்சுது."

இனிச் சாளையும் இல்லை. வலியை நம்ப ஆளும் இல்லை. மறுநாள் விடிந்ததும் பாயை எடுத்துப்போய், வாசற்படிக்கு நேரே நடைவழியில் விரித்துப் படுத்தேன். படுத்திருப்பவரை யாரும் தாண்டக் கூடாது அல்லவா? தோட்டத்துக்குப் போக மண்வெட்டியோடு வந்த என் வீட்டுக்காரர் அப்படியே நின்றார். பின்னால் மோர்ப்பானையோடு மாமியார்.

"மூதேவி, எந்திரி!"

"நில்லுங்கத்தை" என்றேன். "இன்னும் எடது காலு இருக்குது."