கேம்பருக்கு வைஃபை கட்டும் ஹார்லன்

காலைக் காப்பி முடிந்ததும் ஹார்லன் ட்வைட் கைபேசியைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு தன் வீட்டுப் புல்வெளியில் நடக்க ஆரம்பிப்பார். பின்கதவிலிருந்து பிளம் மரம் வரை, அங்கிருந்து கேம்பர் வண்டியின் வாசற்படி வரை. நடுநடுவே நின்று, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, திரையைப் பார்த்து "ம்" என்பார். வேலிக்கு இந்தப் பக்கம் என் சமையலறை ஜன்னல். பாத்திரம் கழுவும் நேரம் முழுக்க எனக்கு இதுதான் காட்சி. ஆகஸ்டில் ஆரம்பித்தது இது. பிளம் மரம் இலையெல்லாம் கொட்டி, ஏரி ஓரத்தில் பனி படிய ஆரம்பித்த பிறகும் மனிதர் நடந்துகொண்டிருந்தார்.

நெட்டையான ஆள். வேலை செய்த காலமெல்லாம் வீடு வீடாகப் போய் காஸ் நிரப்பும் லாரி ஓட்டியவர். குனிந்து குனிந்து குழாய் மாட்டியதில் முதுகு கொஞ்சம் வளைந்துவிட்டது. விதைக் கம்பெனி இலவசமாகக் கொடுத்த தொப்பியை மாதாகோயிலுக்குள் மட்டும்தான் கழற்றுவார். எதைக் கேட்டாலும் ஒரே பதில், "மோசமில்ல." கடைவாய்ப் பல் பிடுங்கிக்கொண்டு வந்த அன்றும் அதுதான் பதில். புயலில் அவருடைய கார் கொட்டகையின் கூரை பறந்து என் தோட்டத்தில் விழுந்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "கொஞ்சம் காத்துதான் இன்னைக்கு" என்றார். மின்னசோட்டாக்காரர்கள் எல்லோருமே இப்படித்தான் என்பார்கள். நானும் இங்கேயே பிறந்தவள்தான், எனக்கு வாய் இருக்கிறது.

கேம்பர் அவருடையது இல்லை, மகள் பிரிட்டாவினுடையது. நெப்ராஸ்காவில் கல்யாணம் முறிந்தபின் படுக்கையும் அடுப்பும் உள்ளேயே இருக்கும் அந்த அலுமினிய வண்டியைக் காருக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு ஆகஸ்டில் வந்து சேர்ந்தாள். நாற்பதைத் தாண்டிய பெண். "ரெண்டு வாரம்தான்ப்பா, வேற இடம் கெடைக்கிற வரைக்கும்" என்றாள். "இரு, இரு. எடம் சும்மாதான கெடக்கு" என்றார் அப்பா. அவ்வளவுதான் பேச்சு. அப்பாவுக்குப் பாரமாக இருக்கக்கூடாது என்று அவள் இரண்டு வாரம் என்றாள். அவளை வற்புறுத்தக்கூடாது என்று அவரும் அதை அப்படியே விட்டுவிட்டார். இரண்டு பேரும் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு மூன்றாவது மாதத்துக்கு வந்துவிட்டார்கள்.

பிரிட்டாவுக்கு ஒரு மருத்துவமனைக் குழுமத்தில் வேலை. நோயாளிகள் கூப்பிட்டால் கம்ப்யூட்டர் வழியாகப் பேசி, டாக்டரைப் பார்க்க நேரம் குறித்துக் கொடுக்க வேண்டும். பேசும்போது கதவு மூடியிருக்க வேண்டும், மற்றவர் காதில் விழக்கூடாது என்பது அங்கே சட்டம். முதல் நாள் அம்மாவின் சமையலறையில் உட்கார்ந்து பார்த்தாள். ஹார்லன் உள்ளே வந்து, போனில் இருந்த கிழவரிடம் மூட்டுவலிக்குத் தன் கைவைத்தியத்தைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். மறுநாள் அவள் கேம்பருக்குள் போய்க் கதவை மூடிக்கொண்டாள். வீட்டு வைஃபையை அங்கே கொண்டுபோகும் பொறுப்பை ஹார்லன் தானாக எடுத்துக்கொண்டார்.

நேர்வழி ஒன்று இருக்கிறது. பின்கதவுக்குப் பக்கத்தில் சுவரில் விரல் பருமனுக்கு ஒரு துளை, அதன் வழியாக ஒரு கேபிள், முடிந்தது வேலை. இதை நான் சொன்னேன், அவர் மனைவி லவோன் சொன்னாள், கேபிள் விற்கும் கடைக்காரரும் சொன்னார். "ரெண்டு வாரத்துக்குப் போய் யாராவது செவுத்துல ஓட்ட போடுவாங்களா, யூனிஸ்?" என்று என்னையே கேட்டார். போன வருஷம்தான் வீட்டைச் சுற்றிலும் வெண்ணெய் நிறத்தில் புதுப் பலகை அடித்திருக்கிறார், ஒவ்வொன்றும் தன் கையால். சரி, ஜன்னல் இடுக்கு வழியாகக் கேபிளை இழுத்துப் புல் மேலேயாவது போடுங்கள் என்றேன். அதற்கும் முகம் சுளித்தார். "மேலாப்புல எதையும் போட எனக்குப் புடிக்காது. காஸ் லாரி ஓட்டுனப்ப நான் பாத்திருக்கேன். குழாயப் பொதைக்காம மண்ணு மேலயே விட்டு வச்சிருந்தா, அந்த வீட்டுக்காரன் பனி உருகுறதுக்குள்ள காலி பண்ணப் போறான்னு அர்த்தம்." அப்படியானால் புதையுங்கள் என்றேன். "ரெண்டு வாரத்துக்கா?" என்றார். நான் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஆக, கேபிள் இல்லாமல் செய்யக்கூடிய அத்தனையும் செய்தார். வைஃபையை எட்டத்துக்கு அனுப்பும் பெட்டி ஒன்றை வாங்கி, மழை படாமல் ரொட்டிப் பையில் சுற்றி, பறவைக்குத் தீனி வைக்கும் கூண்டில் தொங்கவிட்டார். அணில் வந்து வயரைக் கடித்தது. அடுத்த பெட்டியை மீன் பிடிக்கக் கொண்டுபோகும் தகர வாளிக்குள் வைத்து மூடினார். தகரத்துக்குள் வைத்தால் வைஃபை எப்படி வெளியே போகும் என்று கேட்டதற்கு, "மேல ஓட்ட இருக்கே" என்றார். பிறகு அது பிளம் மரத்துக்குப் போனது, அங்கிருந்து கொடிக்கம்பத்துக்கு. "ஒரு பொட்டிக்கு வீட்டுல இத்தன எடம் பாக்குற மனுஷன், எனக்கு ஒரு அலமாரி அடிச்சுத் தர எத்தன வருஷமா யோசிக்கிறான் பாரு" என்றாள் லவோன்.

கடைசியில் கொடிக்கம்பம் வேலை செய்ததாக ஹார்லன் அறிவித்தார். தினமும் கேம்பர் வாசற்படியில் நின்று கைபேசியைக் காட்டுவார். "பாரு, எல்லாக் கோடும் நிக்குது." உள்ளேயிருந்து பிரிட்டா, "பரவால்லப்பா, நல்லா வருது" என்பாள். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு திரும்புவார்.

நூலகத்துக்குப் புத்தகம் கொடுக்கப் போன நான், அங்கே வண்டிகள் நிறுத்தும் இடத்தில் அவளைப் பார்த்தேன். காருக்குள் கோட்டும் கையுறையும் போட்டு, கம்ப்யூட்டரை ஸ்டியரிங் மேல் சாய்த்து வைத்துப் பேசிக்கொண்டிருந்தாள். கண்ணாடியெல்லாம் அவள் மூச்சில் மங்கிக் கிடந்தது. பேசி முடிக்கும்வரை காத்திருந்து தட்டினேன்.

"இங்க என்னம்மா பண்ற?"

"லைப்ரரி வைஃபை இங்க வரைக்கும் வருது."

"அப்போ வீட்டுல வரல."

அவள் கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டாள். "உள்ள போனா சுத்தமா இல்ல. பேசிக்கிட்டிருக்கும்போதே கட்டாயிடுது. இன்னொரு தடவ இப்படி ஆனா வேலையே இருக்காதுன்னு மேலதிகாரி சொல்லிட்டாங்க. நெப்ராஸ்கால என் சிநேகிதி வீட்டுப் பக்கத்துல கேம்பர் நிறுத்துற எடம் ஒண்ணு இருக்கு, அங்க கேபிளே தர்றாங்க. சனிக்கெழம கெளம்பறேன்."

"உங்கப்பாகிட்ட சொன்னியா?"

"அவரு அந்தக் கொடிக்கம்பத்துல ஏறி எறங்குனத நீங்க பாக்கலையா, யூனிஸ்? எப்படிச் சொல்றது? அங்க போக ஆச எல்லாம் இல்ல. ஆனா வேல போச்சுன்னா அப்பா அம்மாவுக்குத்தான் பாரம்."

இதில் என் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அதற்கு முந்தின நாள்தான் ஹார்லன் வேலியோரம் வந்து நின்று, பெட்டூனியாப் பூத்தொட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "குளிர்காலம் பூரா இருந்தா நல்லாத்தான் இருக்கும். லவோன் சிரிக்கிறா இப்பல்லாம். நான் சொன்னேன்னு பிரிட்டாகிட்ட சொல்லிடாத." பெட்டூனியா கருகி இரண்டு வாரம் ஆகியிருந்தது. அவர் பார்க்கிற அளவுக்கு அந்தத் தொட்டியில் ஒன்றும் இல்லை.

ஒரே ஒரு தடவை அவர் கேம்பருக்குள் கால் வைத்திருந்தால் போதும், விஷயம் விளங்கியிருக்கும். ஆனால் எங்கள் ஊரில் ஒருவர் வீட்டுக்குள் மூன்று தடவை கூப்பிடாமல் யாரும் போவதில்லை. முதல் தடவை கூப்பிட்டால் "வேண்டாம், வேண்டாம்" என்று சொல்ல வேண்டும். இரண்டாம் தடவை "உனக்கு எதுக்குச் சிரமம்" என்று சொல்ல வேண்டும். மூன்றாம் தடவைதான் "சரி, அரைக் கப் போதும்." தன் புல்வெளியில், தன் மகள் தங்கியிருக்கும் வண்டிக்கும் இந்த மனிதர் அதே முறையைக் கடைப்பிடித்தார். பிரிட்டா வந்த புதிதில், "உள்ள வாங்கப்பா, காப்பி போடறேன்" என்று ஒரு தடவை கூப்பிட்டாளாம். "வேண்டாம், வேண்டாம்" என்றாராம். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை போல என்று அவள் விட்டுவிட்டாள். இவள்தான் மறுபடி கூப்பிடவில்லையே என்று அவர் வாசற்படியோடு நின்றுகொண்டார்.

வியாழக்கிழமை காலை அவர் கைபேசியைத் தூக்கியதும் நான் ஏப்ரனோடு வேலியைச் சுற்றிக்கொண்டு போனேன்.

"கேம்பர் உள்ள போய்ப் பாருங்க ஹார்லன்."

"சேச்சே, அவ ஏதாவது வேலையா இருப்பா."

"கதவத் தொறம்மா பிரிட்டா. ஆகஸ்டுல நீ ஒரு தடவ கூப்பிட்ட. இப்ப நான் ரெண்டாவது தடவ கூப்பிடறேன். இதோ மூணாவது. ஹார்லன், ஏறுங்க."

பிரிட்டா கதவைத் திறந்துகொண்டு மிரள மிரளப் பார்த்தாள். ஹார்லன் படியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிவிட்டு, குனிந்து உள்ளே நுழைந்தார். நான் பின்னாலேயே ஏறிக் கதவை இழுத்துச் சாத்தினேன். அவர் கையிலிருந்த கைபேசியில் கோடுகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

அவர் திரையைப் பார்த்தார், பிறகு சுற்றிலும் பார்த்தார். ஜன்னல் ஒவ்வொன்றிலும் மேலே ஒரு சாண் விட்டு மீதியெல்லாம் குமிழ் வைத்த தடித்த வெள்ளித்தாள், இம்மி பிசகாமல் வெட்டிப் பொருத்தியிருந்தது. அவர் கொடுத்ததுதான். மகளுக்குக் குளிரக்கூடாது என்று செப்டம்பரில் வெளியே நின்றே ஜன்னல்களை அளந்து, கொட்டகையில் வைத்து வெட்டி, கதவு வழியாக நீட்டியிருந்தார். ஏற்கெனவே அலுமினிய உடம்பு, அதற்கு மேல் இது. கொடிக்கம்பத்தில் ஏறி இறங்கி அவர் அனுப்பியதையெல்லாம் அவர் வெட்டித் தந்த வெள்ளித்தாளே வெளியில் நிறுத்திவிட்டிருந்தது.

"ம்" என்றார். பிறகு, "இது கொஞ்சம் வேற மாதிரிதான் இருக்கு" என்றார். அவர் வாயிலிருந்து இதைவிடப் பெரிய சொல் வந்து நான் கேட்டதில்லை. ஒரு ஜன்னலின் வெள்ளித்தாள் ஓரத்தை நகத்தால் நெம்பினார்.

"எடுக்காதீங்கப்பா. ராத்திரி ரொம்பக் குளிருது, அதாலதான் தூங்க முடியுது."

கையை எடுத்துவிட்டார். மேசை மேல் நெப்ராஸ்கா சாலை வரைபடம் விரித்துக் கிடந்தது. அதைப் பார்த்தார், மகளைப் பார்க்கவில்லை. "எப்போ?" என்றார்.

"சனிக்கெழம."

இரு என்று சொல்லித் தொலையுங்களேன் என்று எனக்குத் தொண்டை வரை வந்தது. அவர் தலையாட்டிவிட்டு, "ரோடு காஞ்சுதான் இருக்கும்" என்று சொல்லி இறங்கிப் போய்விட்டார். அன்று மாலை லவோன் என் வீட்டில் உட்கார்ந்து அழுதாள். வீட்டில் அழுதால் அவர் கொட்டகைக்குப் போய்விடுகிறாராம்.

சனிக்கிழமை காலை பாத்திரம் கழுவ வந்து நின்றபோது ஜன்னலுக்கு வெளியே கைபேசியும் இல்லை, நடையும் இல்லை. ஹார்லன் மண்டியிட்டிருந்தார். பின்கதவுக்குப் பக்கத்தில் அந்த வெண்ணெய் நிறப் பலகையில் ஒரு துளை, அதிலிருந்து கறுப்புக் கேபிள் இறங்கியிருந்தது. மண்வெட்டியால் புல்லைப் பட்டையாகச் சீவிப் புரட்டி, அடியில் பள்ளம் பறித்துக்கொண்டே கேம்பரை நோக்கி வந்துகொண்டிருந்தார். மண் மேலே ஏற்கெனவே விறைத்திருந்தது, ஒவ்வொரு வெட்டுக்கும் முனகினார். நான் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனேன்.

கார் சாவியோடு பிரிட்டா படியில் நின்றிருந்தாள். "என்னப்பா இது?"

"கேபிளு. மேலாப்புல கெடந்தா புல்லு வெட்டுற மெஷின்ல மாட்டிக்கும்."

புல் வெட்டும் இயந்திரத்தை அவர் பெட்ரோல் வடித்து, துணி போட்டு மூடி, கொட்டகையின் பின்மூலையில் வைத்து வாரக்கணக்காகிறது. இனி அது மே மாதம்தான் வெளியே வரும். இது பிரிட்டாவுக்கும் தெரியும், மூடும்போது துணியின் ஒரு முனையைப் பிடித்தவளே அவள்தான். அவள் சாவியைக் கோட்டுப் பைக்குள் போட்டாள். இறங்கி வந்து கேபிளைப் பிடித்துப் பள்ளத்துக்குள் படுக்க வைத்துக்கொண்டே அவரோடு நகர்ந்தாள். இரு என்று அவரும், இருக்கிறேன் என்று அவளும் இப்போதும் சொல்லவில்லை. எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, மூக்கும் ஒழுகியது, குளிர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேம்பர் வரை வந்து சேர்ந்ததும் அவர் புல் பட்டைகளைத் திருப்பி வைத்து, பின்கதவிலிருந்து படி வரை பூட்ஸால் மிதித்து இறுக்கினார். கேபிள் போன இடமே தெரியவில்லை. பிரிட்டா அதன் முனையை உள்ளே இழுத்துச் சொருகிவிட்டு வாசலுக்கு வந்தாள்.

"காப்பி போடறேன், வர்றீங்களாப்பா?"

ஒரு தடவைதான் கேட்டாள். நான் வேலியோரம் நின்று அவருடைய "வேண்டாம், வேண்டாம்" வருவதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். ஹார்லன் மண்வெட்டியைக் கேம்பரில் சாய்த்து வைத்தார். படியில் உட்கார்ந்து, மண் அப்பிய பூட்ஸின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.